நொடிக்கு ஐந்து முறை

எட்டாம் நம்பரின் கை நடுங்குகிறது என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் அந்த மூன்று மாடிக் கட்டடமே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். அங்கே மற்றதெல்லாம் ஆடும். மின்தூக்கி ஆடும், பேராசிரியரின் நாற்காலி ஆடும், கம்பெனி ஆட்கள் கேள்வி கேட்டால் மாணவர்களின் குரல் ஆடும். இவர் கை மட்டும் ஆடாது. தலைமுடி கனத்துக் கம்பியை, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பற்றவைக்கிற கை அது.

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது தலைகாட்டாது. சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு எட்டாம் நம்பர் ஸ்பானர் குத்தியிருப்பார். சும்மா ஸ்பானர் இல்லை. முறுக்க வேண்டிய அளவு முறுக்கியதும் 'டிக்' என்று சத்தம் போட்டுத் தானாக விட்டுக்கொடுக்கும் ஸ்பானர். அதற்குமேல் துளி முறுக்கினாலும் கேபிளைக் கருவியோடு பூட்டுகிற கழுத்து போய்விடும். அந்த ஸ்பானரின் பெயரே ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது. பேராசிரியர் முதல் பெருக்க வருகிற அம்மா வரை எல்லோருக்கும் அவர் எட்டாம் நம்பர்தான்.

பத்தொன்பது வயதில் பல்கலைக்கழகத்தின் தொலைபேசி நிலையத்துக்குக் கம்பி இழுக்க வந்தவர். எந்த அறையின் போன் எந்த நிறக் கம்பியில் போகிறது என்பது ஆயிரத்துச் சொச்சம் இணைப்புக்கும் அவருக்கு மனப்பாடம். பிறகு ஒவ்வொருவர் பையாகப் போன் வர ஆரம்பித்தது, நிலையத்தை மூடினார்கள். கூட வேலை பார்த்தவர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, இவர் கையை ஒரு நாள் வேடிக்கை பார்த்திருந்த பேராசிரியர், "இந்த ஆள் எனக்கு வேணும்" என்று ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டார். அப்போது பேராசிரியருக்குத் தொப்பை கிடையாது. இவர் ஆய்வகத்துக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொலைத்தொடர்புக் கம்பெனி வந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 'கூட்டு ஆய்வகம்' என்று பலகை மாட்டினார்கள். அந்தப் பலகையில் யார் சின்னம் இடப்பக்கம், யார் சின்னம் வலப்பக்கம் என்று முடிவு செய்யவே ஆறு கூட்டம் நடந்தது. கல்யாணத்தில் சம்பந்திகள்கூட இவ்வளவு முறுக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். பல்கலைக்கழகம் அறையையும் மூளையையும் கொடுத்தது. கம்பெனி இயந்திரங்களையும் கெடுதேதிகளையும் கொடுத்தது. எட்டாம் நம்பர் இரண்டு பேருக்கும் பொது. வருஷத்துக்கு ஒரு தாள் வரும். இரண்டு பக்கமும் கையெழுத்து விழுந்தால் இன்னும் ஒரு வருஷம் வேலை உண்டு, விழாவிட்டால் இல்லை.

அவருக்கு வேலை போனால் போவது வேலை மட்டும் இல்லை. மகள் அதே பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஊழியர் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. ஊழியர் வெளியே போகிற அன்றைக்கே அந்தச் சலுகையும் வெளியே போகும். இவர் சம்பளத்தில் அந்தப் படிப்பைக் கட்டணம் கட்டிப் படிக்கவைப்பது நடக்கிற காரியம் இல்லை. மனைவி நிற்பது ஒரு சலவைக்கடைக் கவுன்டரில். இன்னும் இரண்டு வருஷம் தள்ளியாக வேண்டும். அவர் கணக்கில் உலகமே அந்த இரண்டு வருஷம்தான்.

கூட்டு ஆய்வகத்தில் செய்வது அடுத்த தலைமுறை வலைப்பின்னலுக்கான ஆய்வு. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட அலை ரொம்பக் குட்டை, இரண்டு மில்லிமீட்டர்தான் நீளம். சரக்கு நிறையச் சுமக்கும், ஆனால் மகா தொட்டாற்சிணுங்கி. குறுக்கே ஒரு ஆள் போனால் போதும், படுத்துவிடும். அதனால் நீள நடைபாதையின் ஒரு கோடியில் அலையை அனுப்பும் கருவியை நிறுத்திவிட்டு, மறு கோடியில் ஒருவர் போன் மாதிரி ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். நடுவில் என்ன நடக்கிறது என்று திரையில் ஒரு கோடு ஓடும்.

அந்தப் பெட்டியை யார் பிடிப்பது என்று பேச்சு வந்தபோது எட்டாம் நம்பர்தான் வாயைக் கொடுத்தார். "ஆள் மாறினா அளவு மாறும் சார். ஒரே ஆள், ஒரே உயரம், ஒரே பிடி. அப்பதான் கணக்கு சுத்தமா இருக்கும்." பேராசிரியர் மேசையைத் தட்டிப் பாராட்டி அதை விதியாகவே எழுதிவைத்தார். அந்த ஒரே ஆள் யார்? பெட்டியில் கேபிள் பூட்டுகிற கழுத்தை நம்பி வேறு யாரிடம் கொடுப்பது? இரண்டு வருஷமாக அத்தனை அளவையும் பிடித்தது இவர் கைதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இப்படித்தான் பாராட்டோடு ஆரம்பிக்கும்.

அளவுகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கக் காத்திருந்தவள் முப்பத்துமூன்று வயதுப் பெண். நாலு வருஷத்தில் முடித்துவிடலாம் என்று வந்தவளுக்கு ஏழு வருஷம் ஓடிவிட்டது. முதல் தலைப்பை வேறொரு நாட்டுக்காரர்கள் முந்திக்கொண்டு முடித்துவிட்டார்கள். இரண்டாவது நன்றாக வந்தது. நன்றாக வந்ததாலேயே, இது எங்கள் ரகசியம், வெளியிடக் கூடாது என்று கம்பெனி பூட்டிவிட்டது. அதனால் ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் பாதி டாக்டர். அவளே சொல்லிச் சிரிப்பாள். போகப்போகச் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

மூன்றாவது தலைப்பில்தான் அவளுக்குத் திரைக் கோட்டில் ஒரு சுருக்கம் கிடைத்தது. பெட்டியைக் கையில் எடுத்ததும் பத்து நொடி கோடு நேராக ஓடுகிறது. பிறகு மெல்லச் சுருக்கம் விழுகிறது. நொடிக்கு ஐந்து சுருக்கம், விட்டுவிட்டு, நாளெல்லாம். இரண்டு வருஷத்துக்கு முந்தைய அளவில் அது இல்லை, எட்டு மாதமாக இருக்கிறது, வரவரப் பெரிதாகிறது.

"அண்ணே, இதை இதுவரைக்கும் யாருமே பாக்கல. உலகத்துலயே நம்ம நடைபாதையிலதான் வருது" என்று அவள் திரையைத் தொட்டுக் காட்டியபோது அவள் முகத்தில் ஏழு வருஷத்துக் களைப்பே இல்லை.

கம்பெனிக்குச் செய்தி போனது. கம்பெனி துள்ளியது. காரணத்தைத் தேடினார்கள். குளிர்சாதனத்தை நிறுத்தினார்கள். மின்தூக்கியை நிறுத்தினார்கள், பேராசிரியர் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கினார். விளக்குகளை அணைத்தார்கள். ஏணி போட்டு ஏறி அத்தனையையும் அணைத்தது எட்டாம் நம்பர்தான். அணைத்துவிட்டு இறங்கி, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார். சுருக்கம் விழும். எல்லோரும் கைதட்டுவார்கள்.

ஒரு காலையில், மற்றவர்கள் வருவதற்கு முன், கேபிளைச் சரிபார்க்கப் பெட்டியைத் தற்செயலாக ஒரு தாங்கியில் வைத்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கோடு நேராகப் போனது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். எடுத்தார், பத்து நொடி கழித்துச் சுருக்கம். வைத்தார், நேர்க்கோடு. ஏழு தடவை எடுத்து ஏழு தடவை வைத்தார். ஏழு தடவையும் இயந்திரம் ஒரே பதிலைத்தான் சொன்னது.

கையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் நடுக்கத்தை அந்தக் குட்டை அலை பார்த்துவிட்டிருந்தது. சட்டைப் பொத்தான் போட இப்போதெல்லாம் நேரம் ஆகிறது, கையெழுத்து சிறுத்துப்போகிறது என்று மனைவி சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தாய்மாமன் நினைவுக்கு வந்தார். கடைசி வருஷங்களில் அவர் தண்ணீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் கொட்டிவிடும். அவர் அழுதுவிடுவார். எட்டாம் நம்பர் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

வருஷத் தாள் வர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. புத்தி உள்ளவன் அன்றைக்கே வாயைத் திறந்திருப்பான். பயந்தவனுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்? மறைத்தார். முழங்கையை விலாவோடு அழுத்திப் பிடித்துப் பார்த்தார். சுருக்கம் குறைந்தது, போகவில்லை. இடது கையால் பிடித்தார். பாதி டாக்டர், "பிடி மாத்தாதீங்கண்ணே, விதியே நீங்க போட்டதுதானே" என்றாள். கடைசியில் ஈயக் கம்பிச் சுருள் ஒன்றை முழுக்கைச் சட்டைக்குள் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கனத்தில் கை அடங்கியது. கோடு நேரானது. மூன்று வாரம் அப்படி ஓட்டினார். மணிக்கட்டு தடித்துச் சிவந்துபோனது.

ஆனால் சுருக்கம் போனதும் அந்தப் பெண் ஒடிந்துபோனாள். சாப்பிடவில்லை. இயந்திரத்தைப் பிரித்துக் கோத்தாள், திரும்பப் பிரித்தாள். ஒரு மத்தியானம் நடைபாதைத் தரையில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, கழுத்தைச் சரியாத்தான் முறுக்கினீங்களா?"

இருபத்தாறு வருஷத்தில் அவரை யாரும் கேட்காத கேள்வி. "முறுக்கினேம்மா" என்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எதைச் சந்தேகப்படுறதுன்னே தெரியல. வியாழக்கிழமை கம்பெனி வருது. அன்னைக்கு இது வரலைன்னா மூணாவதும் போச்சு. நாலாவதுக்கு எனக்குத் தெம்பு இல்லண்ணே. எங்க அம்மா போன்ல எப்படி இருக்கேன்னு கேக்குறதையே விட்டுட்டாங்க. எடுத்ததும் 'முடிஞ்சுதா?'ன்னுதான் கேப்பாங்க. முடியப்போகுது, முடியப்போகுதுன்னு நானும் மூணு வருஷமாச் சொல்றேன்."

"வரும்மா. வியாழக்கிழமை வரும்."

"நீங்க எப்படிச் சொல்றீங்க?"

ஏணியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது. வியாழக்கிழமை ஈயச் சுருளைக் கட்டாமல் வந்தார். பொய்யின் மேல் இன்னொரு பொய்யை ஏற்றுகிறோம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. இந்த ஒரு நாள் போகட்டும், தாளில் கையெழுத்து விழட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்தப் 'பிறகு' யாருக்கு வந்திருக்கிறது?

கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமைப் பொறியாளர் ஒரு அம்மா. ஒல்லி, மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எட்டாம் நம்பர் பெட்டியைப் பிடித்தார். பத்து நொடி கழித்துத் திரை முழுக்கச் சுருக்கம் ஓடியது. பாதி டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டாள், அழுகையா சிரிப்பா தெரியவில்லை. பேராசிரியர் தொப்பையைத் தடவிக்கொண்டார்.

"நல்லா இருக்கு" என்றார் அந்த அம்மா. "வேற யார் பிடிச்சுப் பாத்தீங்க?"

"யாரும் இல்லை. அதுதான் எங்க முறையோட சிறப்பே. ஒரே ஆள்" என்றார் பேராசிரியர்.

"முறை சரி. வேற ஆள் பிடிச்சாலும் வருதா?"

இரண்டு வருஷமாக இத்தனை படித்தவர்கள் இருந்த அறையில் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. தோன்றவிடாமல் செய்தது விதி. விதியைப் போட்டவர் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

அந்த அம்மாவே வாங்கிப் பிடித்தார். ஒரு நிமிஷம், நேர்க்கோடு. பேராசிரியர் பிடித்தார், நேர்க்கோடு. பாதி டாக்டர் பிடித்தாள். அவள் கோடும் நேராகத்தான் போனது. போகப்போக அவள் உதடு வெளுத்தது. சுருக்கமே, விழமாட்டாயா என்று கெஞ்சுகிறவள் போல் அவள் கையை ஒரு தடவை அசைத்தே பார்த்தாள். திரையில் கோணலாக ஒரு மேடு எழும்பியது, சுருக்கம் எழும்பவில்லை. எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க பிடிங்க" என்றார் அந்த அம்மா எட்டாம் நம்பரிடம்.

கை சுளுக்கிக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். எடுத்தார். பத்து நொடி. சுருக்கம் வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக அவர் கைப்பக்கம் திரும்பின. இருபத்தாறு வருஷத்தில் அந்த அறையில் எல்லோரும் சேர்ந்து அவரைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்ணே?" என்றாள் பாதி டாக்டர்.

"மூணு வாரம் ஆச்சும்மா."

நடைபாதையில் மூன்று வாரம் தரையில் உட்கார்ந்திருந்ததையெல்லாம் அவள் எண்ணிப்பார்த்திருப்பாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தலைமைப் பொறியாளர் அம்மாதான் முதலில் பேசினார். "கொஞ்சம் இருங்க. இந்த நடுக்கம் கண்ணுக்குத் தெரியுதா? தெரியல. டாக்டர் பாத்தாலும் தெரியாது. ஆனா நம்ம வலைப்பின்னலுக்குத் தெரியுது. எட்டு மாசமாத் தெரிஞ்சிருக்கு." அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. அது பேராசிரியரையும் தொற்றியது. நோயை முன்கூட்டியே காட்டும் போன் என்று யாரோ சொன்னார்கள். கரும்பலகை நிறைந்தது, புதிய திட்டம் என்றார்கள், இன்னொரு கம்பெனி முந்துவதற்குள் என்றார்கள். கால் மணி நேரம் போயிருக்கும். எட்டாம் நம்பர் பெட்டியைப் பிடித்தபடியே நின்றார். கீழே வைக்கலாம் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. கடைசியில் அவரே வைத்தார்.

வீட்டில் பாதிதான் சொன்னார்: கை லேசாக நடுங்குகிறது, டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மனைவி கூட வருகிறேன் என்றாள். கடையில் விடுப்பு கிடைக்கவில்லை. தனியாகத்தான் போனார்.

நரம்பு டாக்டர் விரலை மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். தாய்மாமனுக்கு இருந்ததேதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னது எட்டாம் நம்பரைத் தூக்கி நிறுத்தியது. "ரொம்ப ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. இந்த மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிங்க. நடுக்கம் நல்லா அடங்கிடும். இன்னும் பல வருஷம் உங்க வேலையை நீங்களே பாக்கலாம்."

மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நேராகப் பேராசிரியர் அறைக்கு ஓடினார். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னார். பாதி டாக்டரும் அங்கே இருந்தாள். சீட்டைப் பார்த்த இரண்டு பேர் முகத்திலும் சந்தோஷம் வரவில்லை.

"உட்காருங்க" என்றார் பேராசிரியர். "உங்க பழைய வேலைக்குக் கம்பெனி வேற ஆளைப் போட்டாச்சு. கருவியெல்லாம் அவங்களோடது, நடுங்குற கையில குடுக்க மாட்டாங்களாம். நான் சண்டை போட்டுப் பாத்துட்டேன். ஆனா புதுத் திட்டத்துல உங்களுக்கு இடம் வெச்சிருக்கோம். மூணு வருஷம். அதே சம்பளம், அதே ஊழியர் அட்டை. பொண்ணு படிப்புக்கு ஒண்ணும் ஆகாது."

"என்ன வேலை சார்?"

"பெட்டியைப் பிடிக்கணும். அவ்வளவுதான்." பேராசிரியர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

எட்டாம் நம்பருக்குப் புரியவில்லை. பாதி டாக்டர்தான் சொன்னாள், மெல்ல: "மாத்திரை சாப்பிட்டா கோடு நேராயிடும்ணே."

"நாங்க சாப்பிடாதீங்கன்னு சொல்லல" என்றார் பேராசிரியர் அவசரமாக. "சொல்லவும் கூடாது, விதி இருக்கு. முதல் வருஷம் மருந்து எடுக்காத ஆள் வேணும்னு திட்டத்துல எழுதியிருக்கு. நீங்களா யோசிச்சு நீங்களா முடிவு பண்ணணும்."

"என் கை நல்லாயிட்டா எனக்கு வேலை இல்ல. கெட்டுப்போய்க்கிட்டே இருந்தா வேலை இருக்கு. அப்படித்தானே சார்?" அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒருவர் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். "ஆயிரம் இணைப்பை மனசுல வெச்சிருந்தேன் சார். அதையெல்லாம் விட்டுட்டு இதுக்குச் சம்பளமா?"

பேராசிரியர் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். பல்கலைக்கழகம், கம்பெனி, இரண்டு பக்கமும் கையெழுத்து விழுந்திருந்தது. முதல் தடவையாக அது கெடுதேதிக்கு முன்பே வந்திருந்தது. 'பதவி' என்ற இடத்தில் இத்தனை வருஷமாக இருந்த சொல் இல்லை. 'ஆய்வுக்கு உட்படுபவர்' என்று அச்சாகியிருந்தது.

"இதுல உன் படிப்பு முடிஞ்சிடுமாம்மா?" என்று எட்டாம் நம்பர் பாதி டாக்டரைக் கேட்டார்.

"முடிஞ்சிடும்ணே" என்றாள் அவள். சொல்லிவிட்டு, தலையைக் கவிழ்த்து அழுதாள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் பேருந்து நிறுத்தத்தில் மருந்துச் சீட்டை நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். சலவைக்கடையில் பத்து வருஷமாக நிற்கிறவள் மனைவி. தோய்க்கிற சட்டையின் பையைத் துழாவாமல் விடமாட்டாள்.

அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "டாக்டர் என்ன சொன்னார்?"

"நரம்புத் தளர்ச்சியாம். வயசானா சில பேருக்கு வருமாம்."

"மாத்திரை?"

"இப்போதைக்குத் தேவையில்லைன்னுட்டார்."

"நல்லாக் கேட்டீங்களா? தேவையே இல்லைன்னாரா?"

"தேவையே இல்லைன்னார். வேலைக்கும் தாள் வந்திடுச்சு. இந்தத் தடவை மூணு வருஷத்துக்கு."

அவள் சட்டென்று படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லைங்க. உங்க மாமாவை நெனச்சு நெனச்சுச் செத்தேன்." பிறகு எழுந்து, வீட்டுக்குள் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "ஏய், அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையாம்டி! மாத்திரைகூட வேண்டாமாம்!"

உள்ளே மேசையில் ஒரு பாலத்தின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள்.